எட்டுப் பேர் உட்காரலாம்

இருபத்து மூன்று நாட்கள் அவள் ஓர் அழைப்புக்காகக் காத்திருந்தாள். அலுவலகக் கணினியில், மின்னஞ்சல் பெட்டியின் ஓரத்தில் நீலக் கட்டமாக வந்து விழுமே, 'கூட்டத்துக்கு வருகிறீர்களா' என்று கேட்டு, அந்த அழைப்பு. வருகிறேன், வரவில்லை, வந்தாலும் வருவேன் என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். எதை அழுத்துவது என்று அவள் முதல் நாளே முடிவு செய்துவிட்டாள். அழுத்தத்தான் ஒன்றும் வரவில்லை.

அவளுடைய வேலை வெப்பமானிகளைச் சரிபார்ப்பது. மருத்துவமனைகளும் பால் பண்ணைகளும் மருந்துக் கிடங்குகளும் தங்கள் வெப்பமானிகளை அந்த நிறுவனத்துக்கு அனுப்பிவைக்கும். அவள் ஐஸை நொறுக்கி, காய்ச்சி வடித்த தண்ணீரோடு ஒரு குடுவையில் கலந்து, ஒவ்வொன்றையும் உள்ளே செருகிப் பார்ப்பாள். பூஜ்யம் காட்டினால் முத்திரை. காட்டாவிட்டால் எவ்வளவு தப்பு என்று எழுதித் திருப்பி அனுப்புவாள். காலையில் வந்ததும் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்பதால் அந்த மாடியில் எல்லோரும் அவளை ஐஸ் என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. உருகும் ஐஸ் பூஜ்யத்தில்தான் இருக்கும். அதனோடு யாரும் வாதாட முடியாது. அந்தக் கட்டடத்தில் வாதாட முடியாத பொருள் அது ஒன்றுதான்.

மற்ற எல்லாவற்றுக்கும் கூட்டம் இருந்தது. கூட்டத்தில் சொல்லப்படாதது சொல்லப்பட்டதாகாது என்பது நிறுவனத்தின் முதல் விதி. அழைப்பு இல்லாதவர் கூட்டத்தில் உட்காரக் கூடாது என்பது இரண்டாவது. ஒவ்வொரு கூட்ட அறையின் கதவுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னத் திரை மாட்டி, அன்றைய கூட்டங்களையும் அறையின் பெயரையும் காட்டினார்கள். அறைகளுக்கு மனிதர்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். பெரிய விஞ்ஞானிகளாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். சேர்ந்த புதிதில், பன்னிரண்டு பேர் உட்காரும் அறையின் பெயரை ஒரு கலைக்களஞ்சியத்தில் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. தன் படிப்பில்தான் குறை என்று விட்டுவிட்டாள்.

அவளுடையது ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே பிரிவுத் தலைவர் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். யாருக்கும் கெட்ட செய்தி சொன்னதே இல்லை என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள்.

"உங்களை நீட்டிக்கறதா முடிவு பண்ணிட்டேன் ஐஸ். கோப்பு இன்னைக்கே திறந்தாச்சு. இனி ஒரே ஒரு கூட்டம். நீங்க நேர்ல வந்து 'சம்மதம்'னு சொல்லணும், அவ்வளவுதான். சொல்லிட்டீங்கன்னா வேலையும் நிரந்தரம், குவார்ட்டர்ஸும் உங்க பேருக்கு வந்துடும்."

"கூட்டம் எப்போ சார்?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அழைப்பு வரும்."

"தேதி மட்டும் சொன்னீங்கன்னா..."

"வாயால சொன்னா அது வதந்திம்மா. பெட்டியில வந்தாத்தான் தகவல்."

குவார்ட்டர்ஸ் அலுவலகக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. தரைத்தளத்தில் நீலக் கதவு போட்ட வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் வாசலை அளந்து பார்த்தாள். வாசற்படி என்று ஒன்று இல்லவே இல்லை. சைக்கிளை அப்படியே உள்ளே உருட்டிக்கொண்டு போகலாம். சக்கர நாற்காலியையும்.

அவளுடைய அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க நின்றவர், ஓய்வுபெற்ற பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதிலிருந்து அக்கா வீட்டில் இருக்கிறார். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மழைக்காலத்துக்கு முன்னால் அவரை மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவர் தரையில் கால் வைக்கவில்லை. அக்கா வீட்டுக் கூடத்தில் அவருக்கு ஒரு மடக்குக் கட்டில். பிள்ளைகள் படிக்க உட்காரும்போது கட்டிலையும் மடக்க வேண்டும், அவரையும் ஓரமாக நகர்த்த வேண்டும். அக்கா அதைச் சலிக்காமல்தான் செய்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"வாசல்ல உட்கார இடம் இருக்கா பாப்பா?" என்று போனில் கேட்டார்.

"இருக்குப்பா. நாற்காலி போடலாம்."

"ரோடு தெரியுமா?"

"தெரியும். பஸ் போறது தெரியும்."

"எந்த ரூட்டு?"

அதை அவள் பார்த்து வைத்திருக்கவில்லை. மறுநாள் நின்று பார்த்துச் சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போன் வந்தது. "வந்துச்சா?" என்பார். "இல்லப்பா" என்பாள். "டிக்கெட் எடுக்காம ஏறினவனையே நான் நடு ரோட்டுல இறக்கிவிட்டதில்லை. நீ நேரா போய் உட்கார்ந்துக்க வேண்டியதுதானே?" என்பார். "கதவு திறக்காதுப்பா" என்பாள்.

அது உண்மை. கூட்ட அறைக் கதவு மட்டுமில்லை, கோப்பு திறந்த மறுநாளிலிருந்து வெளிவாசல் கதவும் அவளுடைய அட்டைக்குத் திறக்கவில்லை. இயந்திரம் சத்தமே போடாமல் சிவப்பு விளக்கைக் காட்டும். காவலாளிதான் கையால் திறந்துவிடுவார்.

"மெஷினுக்கு ஆள் அடையாளம் என்ன தெரியும்? நீங்க போங்கம்மா. நாலு வருஷமா நான் இங்க நிக்கிறேன், என்னையே அதுக்குத் தெரியாது."

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் நாட்காட்டிப் பிரிவுக்குப் போனாள். அழைப்புகள் ஒழுங்காகப் போய்ச் சேருவதை மேற்பார்வையிட ஆறு பேர் கொண்ட பிரிவு அது. நாட்காட்டி அதிகாரி ஒரு கண்ணாடியை மூக்கிலும் இன்னொன்றை நெற்றியிலும் போட்டிருந்தார்.

"மெயில் வருதா?"

"அதுவும் ஒரு வாரமா வரலை சார்."

"பழைய மெயில் தெரியுதா?"

"தெரியுது."

"அப்போ மெயில் வருதுன்னுதானே அர்த்தம்."

"அது பழசு சார்."

"எல்லா மெயிலும் ஒருநாள் பழசாகத்தானே போகுது மேடம்." அவர் ஒரு அட்டையைப் பார்த்துக் கேள்விகளைத் தொடர்ந்தார். "குப்பைப் பெட்டியில பார்த்தீங்களா? அணைச்சுப் போட்டுப் பார்த்தீங்களா? கம்ப்யூட்டர்ல கடிகாரம் நம்ம நேரம்தானே காட்டுது? சில பேருக்கு வேற தேசத்து நேரம் இருக்கும். அழைப்பு அங்க போய்க் காத்துக்கிட்டிருக்கும்."

"எல்லாம் பார்த்துட்டேன் சார். நான் அனுப்பறதும் போக மாட்டேங்குது. அனுப்புற பெட்டியிலயே நிக்குது."

"நல்லதுதான். தொலைஞ்சு போகலையே."

பிறகு அவர் அவளுடைய பெயரைத் தட்டித் தேடினார். திரையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கும் மாற்றி மறுபடி பார்த்தார். திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லை. எல்லாருக்கும் பேருக்குப் பக்கத்துல தலையும் தோளுமா ஒரு சின்னம் இருக்கும். உங்களுக்கு வேற இருக்கு."

"என்ன இருக்கு?"

"கதவு."

"கதவா? எதுக்கு சார்?"

"அதைத் தனிப்பட்ட முறையில சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது மேடம். ஒரு கூட்டம் வெச்சுத்தான் சொல்லணும்."

"வையுங்க சார்."

"கட்டாயம் வைக்கிறேன். அழைப்பு வரும்."

அவள் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். படிக்கட்டில் பாதி ஏறிய பிறகுதான் தான் எதற்கு நன்றி சொன்னோம் என்று யோசித்தாள்.

நாலைந்து நாளில் பியூன் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். 'அழைப்பு வருவதில்லை என்ற புகாரை விசாரிக்கும் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பப்பட்டது. புகார்தாரர் ஒரு விநாடிக்குள் அதை ஏற்றுக்கொண்டார். ஆகவே அழைப்பு கிடைக்கிறது என்பது நிரூபணமாகிறது. ஆனால் புகார்தாரர் கூட்டத்துக்கு வரவில்லை. புகார் முடித்துவைக்கப்பட்டது.'

தாளை எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள்.

"நான் எதையும் ஏத்துக்கலையே சார்."

"ஏத்துக்கிட்டீங்க. பாருங்க, பச்சை டிக்." அதிகாரி இந்த முறை திரையைத் தாராளமாகக் காட்டினார். "இந்த மாசம் உங்களுக்கு அனுப்பின எல்லா அழைப்பையும் ஏத்துக்கிட்டிருக்கீங்க. ஒண்ணைக்கூட மறுக்கலை. நானே என் மேலதிகாரி அழைப்பை இவ்வளவு சீக்கிரம் ஏத்துக்கறதில்லை."

"என் பெட்டிக்கு ஒண்ணுமே வரலை சார்."

"சிஸ்டம் பொய் சொல்லாது மேடம். மனுஷங்கதான் மறந்துடுவாங்க."

அந்த வாரம் அறிவிப்புப் பலகையில் அவளுடைய பெயர் வந்தது. அழைப்புகளை உடனுக்குடன் ஏற்பதில் நிறுவனத்திலேயே முதலிடம் என்று ஒரு பாராட்டு. விழாவும் உண்டு. விழா எங்கே, எப்போது என்று பலகையில் போடவில்லை. அழைப்பில் இருக்கும் என்று போட்டிருந்தது. விழா நடந்து முடிந்த பிறகு, 'விருது பெற்றவர் வரவில்லை' என்று அதே பலகையில் இன்னொரு தாள் ஒட்டினார்கள்.

மறுநாள் காலை அவள் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தபோது கொள்முதல் பிரிவிலிருந்து ஐந்து பேர் மடிக்கணினிகளோடு ஆய்வகத்துக்குள் வந்தார்கள். முன்னால் வந்தவர் மூக்குத்தி போட்ட, குரல் கனத்த ஓர் அம்மாள்.

"கொஞ்சம் நகர்ந்துக்கோங்க. பதினோரு மணிக்கு எங்களுக்குத்தான்."

"இது ஆய்வகம் மேடம்."

"போர்டு வேணா அப்படிச் சொல்லலாம். சிஸ்டத்துல இது கூட்ட அறை. எட்டுப் பேர் உட்காரலாம்னு போட்டிருக்கு." அம்மாள் திரையில் பார்த்து அறையின் பெயரை வாசித்தார். அது அவளுடைய பெயர்.

"அது என் பேரு மேடம்."

"அப்படியா? பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்க. ப்ரொஜெக்டர் எங்க?"

"இல்லைங்க. நாற்காலிகூட ஒண்ணுதான் இருக்கு."

"எட்டுப் பேர்னு போட்டுட்டு ஒரு நாற்காலியா? நல்லாயிருக்கு கூத்து."

ஐந்து பேரும் ஐஸ் குடுவையைச் சுற்றி நின்றுகொண்டே புது நாற்காலிகள் வாங்குவது குறித்து மதியம்வரை விவாதித்தார்கள். அவள் நடுவில் இரண்டு முறை, குடுவையில் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். போகும்போது அந்த அம்மாள் அறையைப் பற்றித் தன் கருத்தைப் பதிவு செய்தார். இரண்டு நட்சத்திரம். 'குளிர் அதிகம். வசதி போதாது. அறை இடையிடையே பேசுகிறது.'

அதன் பிறகு வரிசையாக வந்தார்கள். அவள் எல்லா அழைப்பையும் ஏற்றுக்கொள்வதால், கட்டடத்திலேயே எப்போது கேட்டாலும் கிடைக்கும் அறை என்று அவளுக்கு நல்ல பெயர் உண்டாகிவிட்டது. தணிக்கைப் பிரிவு வந்தது. பயிற்சிப் பிரிவு, 'நேரத்தைச் சேமிப்பது எப்படி' என்ற பயிற்சியை ஒரு பகல் முழுக்க அவளிடம் நடத்தியது. அவள் சுவரோரம் நின்று கேட்டாள். முதலில் தினமும் விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம், வயதானவர்கள் நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருந்ததால், தானே பழைய சாமான் அறையிலிருந்து நாற்காலிகள் இழுத்துவந்து போட்டாள். பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். சில நாட்களிலேயே நான்கு நட்சத்திரம் கிடைத்தது. அதைப் பார்த்து ஒரு கணம் சந்தோஷப்பட்டாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சரிபார்க்காத வெப்பமானிகள் மேசைக்கடியில் பெட்டி பெட்டியாகச் சேர்ந்தன. ஒரு மருத்துவமனையிலிருந்து நர்ஸ் ஒருத்தி போன் செய்து, "எங்க வார்டுல எல்லாருக்கும் ஜுரமா, இல்லை வெப்பமானிக்குத்தான் ஜுரமான்னு தெரியலை, கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்க" என்றாள். "இங்க கூட்டம் நடக்குது, அப்புறம் பேசறேன்" என்று அவள் மெல்லிய குரலில் சொல்லிவிட்டு வைத்தாள்.

பிரிவுத் தலைவரை வழியில் பிடித்தாள்.

"சார், என்னை ஒரு அறையா மாத்தி வெச்சிருக்காங்க."

"தெரியும்மா. நானே உங்களை ரெண்டு தடவை புக் பண்ணப் பார்த்தேன், காலியே இல்லை." பாராட்டுவதுபோலச் சிரித்தார்.

"ஏன் சார் மாத்தினாங்க?"

சிரிப்பு நின்றது. "அதைக் கூட்டத்துல பேசலாம்."

"எந்தக் கூட்டம் சார்? நம்ம கூட்டம் என்னாச்சு?"

"மூணு தடவை வெச்சாச்சு. மூணு தடவையும் வருவேன்னு ஏத்துக்கிட்டு, வராம இருந்துட்டீங்க. துணை இயக்குநர்கிட்ட நான் எவ்வளவு சமாளிக்க வேண்டியிருந்தது தெரியுமா?"

"எங்க சார் நடந்துச்சு?"

"அழைப்புல போட்டிருந்ததேம்மா" என்றார் அவர். உண்மையிலேயே மனம் நொந்திருந்தார்.

அடுத்த நாள் ஓர் எலக்ட்ரீஷியன் வந்து அவளுடைய ஆய்வகக் கதவுக்குப் பக்கத்தில் துளை போட்டு ஒரு சின்னத் திரையை மாட்டினார். மற்ற அறைகளுக்கு இருப்பது போலவே. மேலே அவளுடைய பெயர், கீழே எட்டு நாற்காலிப் படங்கள், அதன் கீழே கூட்டங்களின் வரிசை.

"உங்க சொந்தக்காரங்க யாராவது பெரிய ஆளா?" என்று அவர் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே கேட்டார். "பேரெல்லாம் வெக்கிறாங்களே."

அவள் வரிசையின் கடைசியில் இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள். நாளை, காலை பத்தரை மணி. பணி நீட்டிப்புக் கூட்டம்: வெப்பமானி ஆய்வாளர்.

வேறு அறை காலியில்லாததால் அவளுடைய கூட்டத்தை அவளிடமே வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அவளே அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"நாளைக்குப்பா. பத்தரைக்கு."

"எழுத்துல வந்துடுச்சா?"

"கதவுலயே எழுதியிருக்கு. நடக்கறதும் என் ரூம்லதான்."

"பஸ்ஸே வாசலுக்கு வந்து நின்ன மாதிரி. இனி எப்படித் தவறும்?" பின்னால் யாரிடமோ, "நாளைக்காம்" என்றார். அக்கா ஏதோ சொல்வது கேட்டது. "பெட்டியைக் கட்டட்டுமா பாப்பா?"

"அவசரப்படாதீங்கப்பா. கூட்டம் முடியட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"அவசரம் என்ன, அஞ்சு சட்டைதானே. கட்டி வெச்சா அது பாட்டுக்கு இருக்கும்."

காலையில் அவள் மேசையைத் துடைத்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். ஐஸ் குடுவையை மட்டும் எடுக்கவில்லை. அது ஒன்றுதான் அந்த அறையில் ஆய்வகம் என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியிருந்தது. பத்தரைக்குத் துணை இயக்குநர், பிரிவுத் தலைவர், நாட்காட்டி அதிகாரி, குறிப்பெடுக்க ஒரு கிளார்க் என நால்வர் வந்து உட்கார்ந்தார்கள். துணை இயக்குநர் உயரமானவர். டை கட்டியவர். எந்தக் கூட்டத்தையும் சிறிய உரையோடு தொடங்குவார்.

"நம்ம நிறுவனம் எதையும் ரகசியமா செய்யறதில்லை. அதுதான் நம்ம பெருமை. எல்லாத்தையும் கூட்டத்துல வெளிப்படையா சொல்றோம். யார்கிட்ட சொல்றோம்னா, அழைப்பு இருக்கறவங்ககிட்ட. அழைப்பு யாருக்குன்னா, தெரிஞ்சுக்க வேண்டியவங்களுக்கு. யார் தெரிஞ்சுக்கணும்னு நாம முடிவு பண்றோம். இதைவிட வெளிப்படையா ஒரு நிறுவனம் இருக்க முடியுமா?" குடுவையை ஒரு பார்வை பார்த்தார். "சரி. ஆய்வாளர் வந்திருக்காங்களா?"

பிரிவுத் தலைவர் அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "அழைப்பை ஏத்துக்கிட்டிருக்காங்க சார்."

"ஏத்துக்கிட்டு?"

நாட்காட்டி அதிகாரி குறுக்கிட்டார். "இடமா ஏத்துக்கிட்டிருக்காங்க சார். ஆளா இல்லை."

"நான் இங்கதான் சார் இருக்கேன்" என்றாள் அவள். இத்தனை நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தையையும் சேர்த்துச் சொன்னாள். "சம்மதம்."

துணை இயக்குநர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "என்ன சத்தம் அது?"

"அறை சார்" என்றார் நாட்காட்டி அதிகாரி. "முன்னாடியே விமர்சனத்துல வந்திருக்கு. இப்போ ரொம்பக் குறைஞ்சிருக்கு."

கிளார்க் பேனாவைத் தூக்கி, எழுதுவதா வேண்டாமா என்று பார்த்தார். அறையின் சத்தம் குறிப்பில் ஏறாது என்று அவருக்கு நினைவூட்டப்பட்டது.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் துணை இயக்குநர். "ஆளுக்குத்தானே அழைப்பு போகணும்? இடத்துக்கு ஏன் போச்சு?"

நாட்காட்டி அதிகாரியின் முகம் மலர்ந்தது. பல நாட்களாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் போல எழுந்து நின்றார். "அது நம்ம பிரிவோட திட்டம் சார். வேலையை விட்டுப் போறவங்களோட பெட்டியெல்லாம் வீணாக் கிடந்துச்சு. அதைத் தூக்கிப் போடறதுக்குப் பதிலா கூட்ட அறையா மாத்திடறோம். அறைக்கு அழைப்பு வந்தா சிஸ்டமே ஏத்துக்கும், யாரையும் கேக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டடத்துல இருக்கற அறையெல்லாம் அப்படி வந்ததுதான். மாடியில பன்னிரண்டு பேர் உட்கார்ற அறை இருக்கே, அவங்க டைப்பிஸ்ட்டா இருந்தவங்க. நல்ல அறை. ஒரு புகார் வந்ததில்லை. உயிரோட இருந்தப்போ தினம் ஒரு புகார் வரும்."

அவளுக்கு அந்தக் கலைக்களஞ்சியம் நினைவுக்கு வந்தது.

"ஆனா இவங்க வேலையை விட்டுப் போகலையே" என்றார் துணை இயக்குநர்.

பிரிவுத் தலைவர் தொண்டையைச் செருமினார். "போகலை சார். நீட்டிப்புக்குப் புதுக் கோப்பு திறக்கணும்னா பழைய கோப்பை மூடணும். பழைய கோப்பை மூடினா..." அவர் நல்லவர். அந்த வாக்கியத்தை முடிக்க அவருக்கு வாய் வரவில்லை. "மூடினா, அதோட விளைவு அப்படி."

"சரி. விளைவு அப்படின்னா, இப்போ யாரை நீட்டிக்கறது? பணியில இருக்கறவங்களுக்குத்தானே பணி நீட்டிப்பு?"

"அதுதான் சார் சிக்கல்."

"குவார்ட்டர்ஸ்?"

"அறைக்கு வீடு ஒதுக்க விதியில இடமில்லை சார்."

"இது அவங்களுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை சார். கூட்டத்துலதான் சொல்லணும். அவங்க வந்தாத்தான் சொல்ல முடியும். மூணு கூட்டத்துக்கும் வரலை."

"இன்னைக்கும் வரலை" என்று நாட்காட்டி அதிகாரி, அவள் நீட்டிய தண்ணீர் டம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னார்.

"யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லாத வரைக்கும் இதை முடிக்க முடியாது" என்றார் துணை இயக்குநர். அவர் மூன்று பேரையும் பார்த்தார். மூன்று பேரும் ஐஸைப் பார்த்தார்கள். ஐஸ் உருகிக்கொண்டு பூஜ்யத்தில் இருந்தது.

அவளுடைய போன் அடித்தது.

"அறை போன் எடுக்கலாமா?" என்று துணை இயக்குநர் கேட்டார். நாட்காட்டி அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"பாப்பா, முடிஞ்சுதா?" அப்பாவின் குரலுக்குப் பின்னால் ஹாரன் சத்தமும் காய் விற்பவர் சத்தமும் கேட்டன. அக்கா வீட்டுக் கூடத்தில் அந்தச் சத்தங்கள் கேட்காது.

"எங்கப்பா இருக்கீங்க?"

"கீழே." அந்த ஒரு சொல்லை அவர் ருசித்துச் சொன்னார். "பக்கத்து வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் கொண்டுவந்து இறக்கினாங்க ரெண்டு பசங்க. திரும்பிப் போறப்போ வெறுங்கையாத்தானே போறீங்க, என்னைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கடான்னேன். நாற்காலியோட தூக்கிட்டு வந்து ரோட்டோரமா வெச்சுட்டாங்க. அக்கா வேலைக்குப் போயிட்டா. அவளுக்குத் தெரியாது, வந்ததும் ஆச்சரியப்படட்டும்."

"அந்தப் பசங்க இருக்காங்களா?"

"அவங்க அப்பவே போயிட்டாங்களே. வேற வேலை இல்லையா அவங்களுக்கு?"

அவள் ஒரு கையால் குடுவையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பெட்டி மடியிலதான் இருக்கு" என்றார் அப்பா. "வெயிலும் இல்லை, சுகமா இருக்கு. எத்தனை நாளாச்சு பஸ்ஸை இவ்வளவு கிட்டத்துல பார்த்து. நீ ஒண்ணும் பதறாத, கூட்டத்தை முடிச்சுட்டு நிதானமா வா. எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்களா? சம்மதம்னு சத்தமா சொன்னியா?"

"சொன்னேன்ப்பா."

"அப்போ ஆச்சு. சாவி எப்போ தருவாங்களாம்?"

துணை இயக்குநர் கிளார்க்கைப் பார்த்துக் கையைக் காட்டினார். கிளார்க் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்துக் காத்திருந்தார். பிரிவுத் தலைவர் தலை நிமிரவில்லை.

"பாப்பா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"என்ன சொன்னாங்கன்னு கேட்டேன்."

"அப்பா," என்றாள் அவள், அறை முழுக்கக் கேட்கும்படி. "எனக்கு வேலை போய் இருபத்து மூணு நாள் ஆச்சு."